ஆயிரத்து இருபது டாலர்

ஜனவரி 19, 2021, செவ்வாய்

இந்த டைரியை ஹர்ஷத்பாய் கொடுத்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் கொடுப்பார். இன்சூரன்ஸ் விற்கிறவர்கள் அவர் தலையில் கட்டுவது. போன ஆண்டு டைரியில் இட்லி அரிசி, பாகற்காய் என்று எழுதி மார்ச்சோடு விட்டுவிட்டேன்.

வரி சீசன் தொடங்கிவிட்டது. எடிசனில் இனிப்புக் கடைக்கு மேலே ஹர்ஷத்பாயின் வரி அலுவலகம்; எனக்கு இது பதினோராவது சீசன். நாற்பத்தெட்டு வயதில், எம்.காம். முதல் வகுப்புக்கு மணிக்கு இருபத்திரண்டு டாலர். இந்த முறை மேஜைக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு.

கேள்வித்தாளில் புதிதாக ஒரு கேள்வி: 'அரசாங்க உதவித்தொகை எவ்வளவு வந்தது?' கொரோனாவுக்காக இரண்டு தவணை கொடுத்தார்கள், ஒருவருக்கு 1200, பிறகு 600. குறைவாக வந்தவர்கள் மீதியை இந்த ரிட்டர்னில் முப்பதாவது வரியில் கேட்டு வாங்கலாம். வந்ததை வரவில்லை என்று எழுதினால் ரிட்டர்ன் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ளும். அதனால் கேட்டே ஆகவேண்டும். இன்று ஏழு குடும்பங்களைக் கேட்டேன். ஒன்றில்கூட கணவனும் மனைவியும் ஒரே தொகையைச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது எங்கள் வீட்டிலும் கேட்டேன்.

"நமக்கு ஸ்டிமுலஸ் எவ்வளவு வந்துச்சு?"

"நமக்கு எதுக்கு வருது? நம்ம இன்கமுக்கு நாம குடுக்கறவங்க, வாங்கறவங்க இல்ல." தியாகு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

சரிதான். தம்பதியின் வருமானம் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டினால் குறைத்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் ஒன்றும் தரமாட்டார்கள். இவர் சம்பளம் மட்டுமே 198,000.

எங்கள் ரிட்டர்னை நான் செய்வதில்லை. மன்ஹாட்டனில் இவருடைய ஆபீஸ்காரர்கள் எல்லாரும் போகிற கணக்காளரிடம் கொடுக்கிறார். "ஸ்டாக் எல்லாம் இருக்கு வசு, உன் கடைக் கணக்கு இல்ல இது" என்பார். சேர்ந்து தாக்கல் செய்கிற ரிட்டர்ன் என்பதால் என் கையெழுத்தும் வேண்டும். போடுவேன்.

ஜனவரி 27, புதன்

அழகப்பனும் மெய்யம்மை ஆச்சியும் வந்தார்கள். அவர் மோட்டலில் வேலை பார்க்கிறார். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். எட்டு ஆண்டுகளாக என்னிடம்தான் வருகிறார்கள்.

"ஸ்டிமுலஸ் முதல் தவணை வந்துச்சா?"

"வரலம்மா. ஊருக்கெல்லாம் வந்துச்சு, எங்களுக்கு வரல" என்றார் அழகப்பன். "நம்ம நேரம் அப்படி."

ஆச்சி மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார். "வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"பணம் ஏத்தின பேங்க் கார்டா வந்துச்சு. ரெண்டாயிரத்து நானூறு."

"குப்பை லெட்டர்னு தூக்கிப் போட்டேன்னு சொன்னியே!"

"போட்டேன். அப்புறம் எடுத்துக்கிட்டேன்."

"என் பங்கும் அதுலதானே இருந்துச்சு?"

"ஆமா. உங்க பங்குலதான் உங்களுக்குப் பல்லு கட்டினது. இன்சூரன்ஸ் குடுத்துச்சுன்னு நெனச்சீங்களோ?"

அவர் நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தது மாஸ்க்குக்கு மேலாகவே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்காமல் 2400 என்று எழுதினேன்.

தாள்கள் ஸ்கேன் ஆகிற வரை ஆச்சி பேசிக்கொண்டிருந்தார். கடைக்குப் போகப் பயம், போனிலேயே காய்கறி வரவழைக்கிறாராம். "ஒருத்தன் வர்றான், நம்ம ஊர் ஆளு மாதிரிதான் இருக்கான். வெண்டைக்கா ஒவ்வொண்ணும் நுனி ஒடிச்சுப் பாத்து எடுத்திருக்கான். தமிழாப்பான்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிர்றான்."

ஜனவரி 30, சனி

அரிசி மூட்டை வைக்கக் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். நாய் பிஸ்கட் டப்பா ஒன்று, பாதி காலி. எங்கள் வீட்டில் நாய் இல்லை. தியாகுவுக்கு நாய் என்றாலே ஆகாது, சின்ன வயதில் கடிபட்டவர்.

டப்பாவை நகர்த்திவிட்டு மூட்டையை வைத்தேன்.

வங்கியிலிருந்து 61 டாலர் வட்டிக்கான சீட்டு வந்தது. வழக்கம்போல் அலுவலக முகவரிக்கு. கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 2, செவ்வாய்

நேற்றிலிருந்து ஓயாத பனி. இரண்டடிக்குக் குறையாது. பனி தள்ளும் பையனுக்கு அறுபது டாலர் கொடுப்பது வழக்கம். இந்த முறை இவர் "எதுக்கு? நானே தள்ளிடறேன், எக்சர்சைஸ்" என்றார். பத்து நிமிடத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். வெந்நீர்ப் பை, தைலம்.

"ஆபீஸ்ல லீவு சொல்லணுமா?"

"நான் சொல்லிக்கறேன்" என்றார் சட்டென்று.

பிப்ரவரி 4, வியாழன்

பனியால் அலுவலகம் இன்றும் மூடியிருந்தது. பதினொன்றரை மணிக்குத் தபால் வண்டிச் சத்தம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "தபால் கிடக்கட்டும் வசு. வெளிய வழுக்கும். நாளைக்கு நான் எடுத்துக்கறேன்."

தபால் எடுப்பது எப்போதும் அவர்தான். வேலைக்கு நடுவே கால் நீட்ட ஒரு சாக்கு என்பார். நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் எடுத்தேன்.

மின்சார பில், பீட்சா கூப்பன், வரித்துறைக் கடிதம். இருவர் பெயருக்கும் வந்திருந்தது. பிரித்தேன். இதே கடிதத்தை இந்த சீசனில் நாற்பது பேர் கையிலாவது பார்த்திருக்கிறேன்.

'உங்களுக்கு அனுப்பப்பட்ட இரண்டாம் தவணை உதவித்தொகை: $1,020.00.'

வெந்நீர்ப் பையை மாற்றினேன். "என்ன தபால்?" என்றார். "கரண்ட் பில்" என்றேன். அதுவும் வந்திருந்ததுதானே.

பிப்ரவரி 5, வெள்ளி

கணக்கு ஒரு நிமிட வேலை. வருமானம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஐந்து டாலர் குறைப்பார்கள். எங்கள் இருவருக்கும் முழுத் தொகை 1200. வந்தது 1020. குறைத்தது 180. அப்படியானால் தாண்டியது 3600. இரண்டாம் தவணையை 2019 ரிட்டர்னைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆக, 2019-இல் எங்கள் மொத்த வருமானம் 153,600.

அதில் என்னுடையது 13,400. மீதி 140,200. அவருடைய மாதச் சம்பளம் 16,500. வகுத்தால் எட்டரை வருகிறது. எட்டரை மாதம்.

2019 செப்டம்பர் நடுவில் அவருக்குச் சம்பளம் நின்றிருக்கிறது. நஷ்டஈடு ஏதாவது கொடுத்திருந்தால் அதற்கும் முன்பே.

இன்று சம்பள வெள்ளி. பொதுக் கணக்கில் 4,650 விழுந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு டாலர்கூடப் பிசகாமல்.

பிப்ரவரி 7, ஞாயிறு

செப்டம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை, லீவுகளைக் கழித்தால், நூற்றிருபத்தைந்து நாள் இருக்கும். நூற்றிருபத்தைந்து முறை காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து சாப்பாடு கட்டியிருக்கிறேன். புளிசாதம், எலுமிச்சை சாதம், வெள்ளிக்கிழமை தயிர்சாதம். 7:12 ரயில். மாலையில் காலி டப்பா. அதை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்?

பிறகு கொரோனா வந்தது. எல்லாரும் வீட்டிலிருந்து வேலை. இவருக்கு பேஸ்மென்டில் மேஜை போட்டுக் கொடுத்ததே நான்தான். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். மதியம் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தலைவலி, கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன் என்று.

2019 ரிட்டர்னில் நான் கையெழுத்துப் போட்டது போன ஜூலை. சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். போனை நீட்டினார். "இங்க ஒரு தடவை விரலை வெச்சிழு." இழுத்தேன். அந்தப் படிவத்தின் முதல் வரியே மொத்த வருமானம்தான். வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்கிறேன்: 'முதல் வரியைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா, நாளைக்கு நீங்களும் பொறுப்பு.' பத்து ஆண்டுகளாகச் சொல்கிறேன்.

அன்று கஞ்சி பொங்கிவிடும் என்ற அவசரம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, செவ்வாய்

கேட்கவில்லை. இடுப்பு சரியாகிவிட்டது. தபாலை மறுபடி அவரே எடுக்கிறார்.

பிப்ரவரி 13, சனி

காரின் கண்ணாடி மூலையில் போன ஆண்டு ஜனவரியில் சர்வீஸ் செய்தபோது ஒட்டிய சீட்டு: 48,200 மைல். இன்று 63,900. ரயிலும் இல்லை, ஆபீசும் இல்லை, ஊர் முழுக்க வீட்டுக்குள். பேஸ்மென்டில் உட்கார்ந்திருக்கிற மனிதர் பதினைந்தாயிரம் மைல் ஓட்டியிருக்கிறார்.

பிஸ்கட் டப்பா காலி. புது டப்பா வந்திருக்கிறது, பெரிய சைஸ். நாய் வளர்க்கிற வீடு. நாயிடம் பழகுகிற அளவுக்குப் போக்குவரத்து.

பார்மசியில் இருமல் மருந்து வாங்கினேன். ஹேர் டையும். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், அதனால்தான்.

பிப்ரவரி 17, புதன்

மிருதுளா போன் செய்தாள். காலேஜ் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வகுப்பெல்லாம் கம்ப்யூட்டரில்தான். இருந்தும் வீட்டுக்கு வர மனமில்லை. மாவரைத்தபடியே பேசினேன்.

"அடுத்த வருஷம் ஃபீஸ் எப்படின்னு அப்பாகிட்ட கேக்கணும்" என்றேன் சும்மா.

"எய்டு கூடியிருக்கும்மா. போன தடவையைவிட நல்லாவே."

"ஏன் கூடுச்சு?"

கல்லூரி உதவிக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் வரி ரிட்டர்னைக் காட்ட வேண்டும். அதை அக்டோபரில் அவளும் அவரும் சேர்ந்து நிரப்பினார்கள். நான் கிரைண்டரை நிறுத்தினேன்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"அம்மா... உனக்கும் தெரியும்னு நெனச்சேன். முதல்ல. அப்புறம் அப்பா சொல்லாதேன்னாரு."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"நீ ஆடிட் பண்ணுவேம்மா."

"நான் என்ன பண்ணுவேன்?"

"இதோ, இப்ப பண்றியே. இதான்."

மாவு சரியாக அரைபடவில்லை. நாளை தோசை வார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 22, திங்கள்

அலுவலகத்தில் ஆட்களுக்குக் கொடுக்கிற நேரச் சீட்டில் எழுதினேன்: 'சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி. எல்லாத் தாள்களையும் கொண்டுவரவும்.' வரித்துறைக் கடிதத்தோடு சேர்த்துக் காலையில் அவருடைய காபி டம்ளருக்கு அடியில் வைத்தேன்.

வீட்டில் கேட்டால் கத்துவேன். அங்கே கத்த முடியாது.

சாயங்காலம் வந்தபோது இரண்டும் அங்கே இல்லை. டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. இருவரும் டிவி செய்தி பார்த்தோம்.

பிப்ரவரி 27, சனி

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தார். ஹர்ஷத்பாய் எழுந்து, "அண்ணன் வந்திருக்கிறாரே, டீ சொல்லவா?" என்றார் ஆங்கிலத்தில். "வேண்டாம், க்ளையன்ட்" என்றேன். அவர் என்னையும் இவரையும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கையில் மளிகைக் கடை காகிதப் பை. அதற்குள் தாள்கள்.

கேள்வித்தாளை எடுத்தேன். வரிசையாகக் கேட்டேன். பெயர், முகவரியெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன், அவரும் சொன்னார்.

"போன வருஷம் என்ன வேலை?"

"டெலிவரி. ஆப்ல ஆர்டர் வரும். கடைல வாங்கி வீட்ல குடுக்கறது."

வெண்டைக்காய் நினைவுக்கு வந்தது. ஆச்சியிடம் எப்படித் தலைகுனிந்து நின்றிருப்பார் என்பதும்.

"ஆபீஸ் வேலை எப்பப் போச்சு?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பது. செப்டம்பர் பதிமூணு. வெள்ளிக்கிழமை."

என் கணக்கு இரண்டு நாள் பிசகு.

"வேலையில்லாதவங்களுக்குக் குடுத்தாங்களே, அது வாங்கினீங்களா?"

"இல்ல."

"வாரம் அறுநூறு கூடப் போட்டுக் குடுத்தாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாங்கல?"

"லெட்டர் வீட்டுக்கு வரும்."

நான் கூட்டிப் பார்க்கவில்லை. பொய், கூட்டிப் பார்த்தேன். முப்பதாயிரத்துக்கு மேல் வரும். இந்த மேஜையிலிருந்து எத்தனை பேருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தடுப்புக்குக் கீழே தள்ளினார். ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் எடுத்திருக்கிறார். கொரோனாவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அபராதமில்லாமல் எடுக்க விட்டார்கள்.

"உங்க வேலை கொரோனாவுக்கு முன்னாடியே போயிருக்கே. இது எப்படிச் செல்லும்?"

அச்செடுத்த மெயில் ஒன்றைத் தள்ளினார். வேறொரு கம்பெனி. மார்ச் 23-ஆம் தேதி சேரச் சொல்லி வேலை கொடுத்து, 18-ஆம் தேதி கொரோனாவைக் காரணம் காட்டித் திரும்பப் பெற்ற மெயில்.

"சேர்ந்துட்டு உன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். "வேலை மாறிட்டேன்னு சொன்னாப் போதும்ல. நடுவுல ஒண்ணும் நடக்காத மாதிரி."

செல்லும். அந்தக் காரணம் சட்டப்படி செல்லும். எடுத்த பணத்தை மூன்று ஆண்டு வருமானமாகப் பிரித்துக் காட்டலாம். எழுதிக்கொண்டேன்.

"ஸ்டிமுலஸ்?"

"ஆகஸ்ட்ல ரெண்டாயிரத்து இருநூத்தி இருபது. ஜனவரில ஆயிரத்து இருபது."

"எந்தக் கணக்குல வந்துச்சு?"

"நான் தனியா ஒண்ணு வெச்சிருந்தேன். போன ரிட்டர்ன்ல அந்த நம்பரைக் குடுத்திருந்தேன்."

"பணம் எங்க?"

"மிருதுளாக்கு லேப்டாப். மிச்சம் வெள்ளிக்கிழமைப் பணத்துல சேர்ந்துச்சு."

எனக்கு வந்த உதவித்தொகையை எனக்கே சம்பளமாகக் கொடுத்திருக்கிறார். அதில் நான் பருப்பு வாங்கியிருக்கிறேன்.

"டெலிவரிக்கு மைல் கணக்கு இருந்தா செலவாக் காட்டலாம்."

சின்ன நோட்டு ஒன்று வந்தது. தேதி போட்டு, ஒவ்வொரு நாளும். மணியான கையெழுத்து. 'ஜூன் 3: பிஸ்கேட்டவே, 11 மைல். ஜூன் 4: மெட்டச்சன், 9 மைல், மழை.' ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. நவம்பர் 20, என் பிறந்தநாள்: 'இரண்டு டிரிப். 26 மைல். கேக்.' அந்தக் கேக்கை ஆபீசில் தந்த கூப்பனில் வாங்கினேன் என்றார் அன்று.

"நாய் பிஸ்கட் எதுக்கு?" கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.

"மூணு வீட்ல நாய் உள்ள விடாது. பிஸ்கட் போட்டா விடும்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "இப்பல்லாம் பயமில்ல."

வேறொரு வீடு இல்லை. வேறொருத்தி இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வேறொருத்தி என்றால் அவளைத் திட்டலாம். இங்கே இரண்டு பேர்தான் இருந்தோம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

அவர் காகிதப் பையை நான்காக மடித்தார். "நீ அழுதா நான் சமாளிச்சிருப்பேன் வசு. நீ அழ மாட்டே. எவ்வளவு இருக்கு, எத்தனை மாசம் ஓடும்னு கேப்பே. நான் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்குவே." என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "இந்த மாதிரி."

பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்தேன். வேலை முடிய வேண்டுமே.

2020-இல் எங்கள் வருமானம் கால் பங்காகச் சுருங்கிவிட்டதால் உதவித்தொகை முழுதாக வர வேண்டும்: 3600. வந்தது 3240. முப்பதாவது வரியில் 360 என்று போட்டேன். அவர் வேலை போனதற்கு அரசாங்கம் ஒத்துக்கொண்ட வித்தியாசம் அவ்வளவு. சேமிப்பை எடுத்தபோது பிடித்த வரியும் சேர்ந்து திரும்ப வருவது 11,160.

வட்டி வருமானம் என்ற இடத்தில் 61 என்று போட்டேன். கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மற்றத் தாள்களோடு வைத்தேன். 2014-இலிருந்து இருக்கிற கணக்கு. மிருதுளாவின் கல்யாணத்துக்கு என்று ஆரம்பித்தது. சீசன் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முப்பத்தோராயிரம். எந்த ஆண்டும் அந்த வட்டியை எங்கள் ரிட்டர்னில் காட்டியதில்லை. இப்போது காட்டியாயிற்று.

கடைசியில், பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண். பொதுக் கணக்கின் எண் எனக்கு மனப்பாடம். அந்த வட்டிச் சீட்டைப் பார்த்து வேறு எண்ணை அடித்தேன்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். எல்லாருக்கும் திருப்புவேன்.

"எங்க போடணும்?" என்றார்.

விரலால் இடத்தைக் காட்டினேன். படித்துவிட்டுப் போடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். சொல்லவில்லை. அவர் திரையைப் பார்க்காமல் கையெழுத்துப் பலகையில் பெயரை எழுதினார். அழகான கையெழுத்து.

எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. நான் எதையும் மறைக்கவில்லை.

மார்ச் 1, திங்கள்

வரித்துறை ரிட்டர்னை ஏற்றுக்கொண்டது.

மார்ச் 5, வெள்ளி

4,650 வரவில்லை. இனி வராது. "இனிமே நெஜமா எவ்வளவு வருதோ அதைப் போடறேன்" என்று காலையில் சொன்னார். 612 போட்டிருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாராம்.

மார்ச் 19, வெள்ளி

11,160 வந்துவிட்டது. மதியம் போனில் பார்த்தேன்.

புது உதவித்தொகைச் சட்டம் வந்ததிலிருந்து அலுவலகத்தில் போன் ஓயவில்லை. தலைக்கு 1400; இந்த முறை கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் உண்டு. யாரைப் பார்த்தாலும் 'எனக்கு எப்ப?' என்கிறார்கள்.

சாப்பிடும்போது அவர் கேட்டார். "ரீஃபண்ட் வந்துச்சா?"

"இன்னும் இல்ல. இந்த வருஷம் லேட் ஆகுதாம்."

ஒரு நாள் கழித்துச் சொல்லலாம் என்றுதான்.

மார்ச் 31, புதன்

மூன்றாம் தவணை, மூன்று பேருக்கும் சேர்த்து 4,200. ரிட்டர்னில் கொடுத்த அதே கணக்கில். அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே சந்தோஷம்.

"நமக்கு மட்டும் ஏன் வரல?" என்றார்.

"நம்ம ரிட்டர்ன்ல பாக்க வேண்டியது நிறைய இருக்கு. அதான்."

தலையை ஆட்டினார். இந்த விஷயத்தில் அவருக்கு என்மேல் முழு நம்பிக்கை.

ஏப்ரல் 14, புதன்

தமிழ்ப் புத்தாண்டு. பாயசம், வடை. மிருதுளா வந்திருந்தாள். அப்பாவும் மகளும் ஆப்பில் வருகிற ஆர்டர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்: ஒரு வீட்டில் எலுமிச்சம்பழம் கேட்டு நாற்பது வந்துவிட்டதாம். நான் போனதும் பேச்சு குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் போகப்போவதாகச் சொல்கிறார். முட்டி வீங்கியிருக்கிறது. "ரீஃபண்ட் வர்ற வரைக்கும்தான்" என்றார். "அது வந்தா ஒரு மூச்சு விடலாம்."

"ஆமா" என்றேன்.

முட்டிக்கு உறை வாங்கிக் கொடுத்தேன். பதினெட்டு டாலர்.

ஏப்ரல் 30, வெள்ளி

அழகப்பன் தொகை வந்ததைச் சொல்லப் போன் செய்தார். இந்த முறை கார்டு அவர் கையிலேயே கிடைத்ததாம். ஆச்சியிடம் கொடுத்துவிட்டாராம். "அவகிட்டயே இருக்கட்டும்மா, எப்படியும் எனக்குத்தான் செலவு பண்ணுவா."

மே 24, திங்கள்

சீசன் முடிந்துவிட்டது. ஹர்ஷத்பாய் கவரில் இருநூறு டாலர் கூடுதலாக வைத்திருந்தார். இனி ஜனவரி வரை வீடுதான். இவர் எட்டு மணிக்கே கிளம்பிவிடுகிறார். சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். காரிலேயே சாப்பிட்டுக்கொள்கிறாராம்.

இன்று வரித்துறைக் கடிதம் வந்தது. இருவர் பெயருக்கும். மூன்றாம் தவணை 4,200 அனுப்பியாயிற்று, இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் என்று. கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

ஒரு மணிக்கு அவர் போன் செய்தார். பின்னால் நாய் குரைக்கும் சத்தம்.

"தபால்ல ஏதாவது வந்துச்சா வசு?"

"ஒண்ணுமில்ல. பீட்சா கூப்பன்."

அதுவும் வந்திருந்ததுதானே.

தபால் வண்டி பதினொன்றே காலிலிருந்து பதினொன்றரைக்குள் வரும். அதற்குள் சமையலை முடித்துவிடுகிறேன்.